வீட்டு மலைப்பாம்பு பருத்துப் போகாமல் உணவிடுவது எப்படி?

செட்டிநாட்டில் ஒருவர் மீதுள்ள பிரியத்தை இலையில்தான் காட்டுவோம். விருந்தாளி போதும் என்று கையால் மறித்தாலும் இன்னொரு வெள்ளைப் பணியாரம் இலையில் விழும். அதை அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை அப்பத்தா நகர மாட்டார். அப்படிப் பரிமாறிப் பழகிய கையில் ஒரு மலைப்பாம்பைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை என் காரைக்குடி வீட்டிலேயே பார்த்தேன். நிறத்தைப் பார்த்துக் ‘கருப்பட்டி’ என்று பெயர் வைத்த என் ஆண் பாம்பு, ஐந்தாவது வயதில் 1,980 கிராம் இருந்தது. அதன் நீளத்துக்கு ஏறக்குறைய நானூறு கிராம் அதிகம். அந்த எடையை ஏற்றியது நான்தான். அதை இறக்க 14 மாதங்கள் ஆயின. முதல் பாம்பை இப்போதுதான் வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பவர்கள் அந்தப் பதினான்கு மாதங்களைப் பட வேண்டியதில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எந்தப் பாம்பு, எந்தச் சட்டம்

நான் பேசுவது பால் பைத்தான் என்ற ஆப்பிரிக்க இனத்தைப் பற்றி. கானா, டோகோ, பெனின் போன்ற நாடுகளின் புல்வெளிகளில் வாழ்வது. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு பந்துபோலச் சுருண்டுவிடும். அந்தப் பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்தான் பெயரின் முற்பாதி. பாலுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. பெயரைக் கேட்டுப் பால் வாங்கி வந்தவர்கள் உண்டு என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் கண்மாய்க் கரையிலும் முட்புதரிலும் காணக்கூடிய இந்திய மலைப்பாம்பு வேறு. அது 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. குட்டியாகக் கிடைத்தாலும், அடிபட்டுக் கிடந்தாலும் அதை வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம். வனத்துறைக்குத் தகவல் சொல்லி ஒப்படைப்பது ஒன்றே வழி. பால் பைத்தானுக்கும் கட்டுப்பாடு உண்டு. அது காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ள இனம். 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024இல் வந்த விதிகளின்படி, இத்தகைய உயிரினத்தை வைத்திருப்பவர் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். புதிதாகக் கைக்கு வந்தால் 30 நாட்களுக்குள். விற்றவர் தாள்களைப் பிறகு தருவதாகச் சொன்னால் பாம்பையும் பிறகே வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு குறைவாகவா சாப்பிடும்?

புதியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நாமும் நாயும் பூனையும் சாப்பிடுவதில் பெரும்பகுதியை உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே செலவிடுகிறோம். பாம்புக்கு அந்தச் செலவு இல்லை. வேண்டிய சூட்டைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. நாளின் பெரும்பகுதி ஒரே இடத்தில் சுருண்டு கிடக்கிறது. இரையைத் தேடி ஓடுவதும் இல்லை. வளை ஓரத்தில் காத்திருந்து, வந்ததைப் பிடிக்கிறது.

காத்திருந்து பிடிக்கும் உயிருக்கு அடுத்த இரை எப்போது வரும் என்று தெரியாது. அதனால் வந்ததை விடாமல் பிடிக்கும் இயல்பு அதற்கு உண்டு. எலி வாசனை வந்தவுடன் கழுத்தை வளைத்துக்கொண்டு பாய்வதைப் பார்த்து, “பசியில் தவிக்கிறது” என்று நினைத்துவிடுகிறோம். மூன்று நாளைக்கு முன்னால் வயிறு நிறையத் தின்ற பாம்பும் அப்படித்தான் பாயும். முகத்தைப் பார்த்து நாய்க்குச் சோறு வைக்கலாம். இதற்கு வைக்கக் கூடாது. நாள்காட்டியையும் தராசையும் உடம்பையும் பார்த்து வைக்க வேண்டும்.

இரை உள்ளே போன பிறகு மலைப்பாம்பின் உடம்பு செய்யும் வேலை வியப்பானது. பர்மிய மலைப்பாம்புகளை ஆராய்ந்தவர்கள், இரை விழுங்கிய இரண்டு நாட்களுக்குள் இதயத்தின் கீழறை சுமார் 40 சதவீதம் பெருப்பதைக் கண்டார்கள். 2005இல் அந்த ஆய்வு வெளியானது. குடலும் கல்லீரலும் அதேபோல வளர்ந்து, செரித்து முடிந்ததும் பழைய அளவுக்குச் சுருங்குகின்றன. உண்பதும் நீண்ட நாள் ஓய்வதுமாக அமைந்த உடம்பு அது. ஓய்வைக் கொடுக்காமல் வாரந்தோறும் பெரிய எலியாகப் போட்டுக்கொண்டே இருந்தால், எஞ்சியதெல்லாம் கொழுப்பாகிறது. அந்தக் கொழுப்பு பெரும்பாலும் தோலுக்கடியில் சேர்வதில்லை. வயிற்றறைக்குள் பட்டை பட்டையாகச் சேர்கிறது, பிறகு கல்லீரலிலும் ஏறுகிறது. வெளியே தெரியும்போது உள்ளே நிறைந்திருக்கும் என்பதுதான் இதில் கவலைப்பட வேண்டியது.

முதலில் தராசு வாங்குங்கள்

எலி வாங்குவதற்கு முன்னால் ஒரு டிஜிட்டல் சமையல் தராசு வாங்க வேண்டும். ஐந்து கிலோ வரை கிராம் கணக்கில் காட்டுவது போதும். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவை அதன்மேல் வைத்து எண்ணைச் சுழியம் ஆக்கிவிட்டு, பாம்பை உள்ளே விட்டு மூடிப் பாருங்கள். எடை பார்க்கும் நாள் முக்கியம். எலி தின்ற மறுநாள் பார்த்தால் எலியையும் சேர்த்துப் பார்க்கிறீர்கள். கழிவு வெளியேறிய பிறகு, அடுத்த உணவுக்கு முந்தைய நாள் பார்ப்பதே சரியான எடை.

ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு நான்கு செய்திகளை மட்டும் எழுதினால் போதும்: தேதி, பாம்பின் எடை, எலியின் எடை, கழிவு போன நாள். சட்டை உரித்தால் அதையும் ஓரத்தில் குறிக்கலாம். என் முதல் மூன்று ஆண்டுகளுக்கு அப்படி ஒரு புத்தகம் இல்லை. இருந்திருந்தால் கருப்பட்டி ஓர் ஆண்டில் 500 கிராம் ஏறியதை அந்த ஆண்டிலேயே பார்த்திருப்பேன்.

எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை

முட்டையிலிருந்து வந்த குட்டி ஐம்பது முதல் எண்பது கிராம் வரை இருக்கும். 200 கிராம் ஆகும் வரை, அதன் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் உள்ள எலிக்குஞ்சு, வாரம் ஒருமுறை. வளரும் வயது இது; இங்கே கஞ்சத்தனம் வேண்டாம். 200 முதல் 500 கிராம் வரை பத்து சதவீதம், ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒருமுறை.

500 கிராமைத் தாண்டியதும் கையைச் சுருக்க வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். 500 முதல் 1,000 கிராம் வரை ஏழு சதவீதம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஆயிரத்தைக் கடந்தால் ஐந்து சதவீதம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. 1,500 கிராமுக்கு மேலான பெண் பாம்புக்கு ஐந்து சதவீதத்துக்கு மிகாமல், நான்கு வாரத்துக்கு ஒருமுறை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 கிராம் பாம்புக்கு 50 கிராம் எலி. 700 கிராம் பாம்புக்கு 49 கிராம். 1,200 கிராம் பாம்புக்கு 60. பாம்பு இரண்டு மடங்குக்கும் மேல் வளர்ந்தாலும் எலி பத்து கிராம்தான் கூடியிருக்கிறது. வளர வளர இடைவெளிதான் நீள்கிறது. எலி ஏறத்தாழ அதே எலிதான். எண்பது கிராமைத் தாண்டிய எலி பால் பைத்தானுக்கு எந்த வயதிலும் தேவைப்படுவது அரிது. இன்னொரு கணக்கு: 1,300 கிராம் உள்ள வளர்ந்த ஆண் பாம்புக்கு மூன்று வாரத்துக்கு ஒரு 65 கிராம் எலி என்றால், ஆண்டுக்குப் பதினேழு எலி, மொத்தம் ஒன்றே கால் கிலோவுக்கும் குறைவு. ஆண்டு முழுவதும் அது தின்னும் உணவு அதன் சொந்த எடையைக்கூட எட்டுவதில்லை. இந்த எண்ணை நான் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன், வீட்டுக்கு வருபவர்கள் படிப்பதற்காக.

தராசில் எலியின் எடை சரியாக இருந்தாலும் பருமனையும் பார்த்துக்கொள்ளுங்கள். பாம்பின் உடம்பில் மிகத் தடித்த இடமும் எலியின் மிகத் தடித்த இடமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பூக்கட்டும் நூலை எடுத்துப் பாம்பின் நடு உடம்பைச் சுற்றி ஒரு முடிச்சால் குறித்துக்கொள்ளுங்கள். அதே நூலை எலியின் வயிற்றைச் சுற்றிப் பாருங்கள். முடிச்சுக்கு உள்ளே முடிந்தால் நல்லது, ஒரு விரற்கடை தாண்டினாலும் கேடில்லை. விழுங்கிய பிறகு வயிற்றில் மெல்லிய மேடு தெரிந்தால் போதும். செதில்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி இடையில் தோல் பளபளத்தால் இரை பெரிது.

எந்த எலி?

வளர்ப்புக்காகப் பெருக்கி, கொன்று, உறையவைத்து விற்கும் எலி மட்டும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் இரண்டாங்கட்டிலும் களஞ்சிய அறையிலும் எலிக்கூண்டு எப்போதும் இருக்கும். பிடிபட்ட எலியைப் பாம்புக்குப் போடலாமே, செலவும் மிச்சம் என்று பலர் சொல்வார்கள். போடாதீர்கள். அந்த எலி பக்கத்து வீட்டில் புரோமடையலோன் கலந்த எலி மருந்தைத் தின்றுவிட்டு வந்திருக்கலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் நஞ்சு அது. எலி சாக நாட்கள் ஆகும், அதற்குள் நன்றாகவே ஓடியாடும், அதைத் தின்ற உயிருக்கும் நஞ்சு போய்ச் சேரும். போதாததற்கு வீட்டு எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமியும், உடம்பில் புழுவும் உண்ணியும் இருக்கும். எலிக்காய்ச்சல் கையாளும் உங்களையும் தாக்கும்.

உயிருள்ள எலியும் வேண்டாம். மூலையில் அகப்பட்ட எலி பாம்பின் கண்ணையும் முதுகையும் கடித்துக் குதறிவிடும். ஓர் இரவு கவனிக்காமல் விட்டால் முதுகெலும்பு தெரியும் அளவுக்குக் காயம் ஆகலாம். எலிக்கும் அது தேவையில்லாத வதை.

முழு வளர்ச்சி அடைந்து, இனப்பெருக்கத்திலிருந்து ஒதுக்கப்பட்ட பெரிய எலிகள் சிலசமயம் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் கொழுப்பு மிகுதி. கருப்பட்டியைக் கெடுத்தவை அவைதான்: நூற்றிருபது, நூற்றைம்பது கிராம் எலிகள், வாரம் தவறாமல். அனுப்பியவர் பெரிதாக அனுப்புகிறார் என்று மகிழ்ந்தேன். இளம் எலியைக் கேட்டு வாங்குங்கள். கிராம் சொல்லிக் கேளுங்கள். எலி பழகிய பாம்பை மாற்ற வேண்டும் என்றால், ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சு கொழுப்புக் குறைந்த இரை. எப்போதாவது கொடுக்கலாம், கழிவு கொஞ்சம் நீர்த்துப் போகும். காட்டில் சிறிய பால் பைத்தான்கள் பறவைகளையும், பெரியவை எலி இனங்களையும் பெரும்பாலும் தின்கின்றன என்பதால் இது அதற்கு அந்நிய உணவும் அல்ல.

சேமிப்புக்கு ஒரு வார்த்தை. வீட்டுச் சமையல் ஃப்ரீசரில் எலியை வைக்காதீர்கள். சின்னதாகத் தனி ஃப்ரீசர் வாங்குங்கள், அல்லது ஒரு தடவைக்கு நான்கைந்து எலிகள் மட்டும் வாங்கி நண்பர் வீட்டுத் தனி ஃப்ரீசரில் வையுங்கள். கழித்தல் 18 டிகிரியில் ஆறு மாதம் வரை தாங்கும். நீண்ட மின்தடைக்குப் பிறகு திறந்து பாருங்கள். எலி இளகி மெத்தென்று இருந்தால் மறுபடி உறையவைக்கக் கூடாது, எறிந்துவிட வேண்டும். உள்ளே ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, பனிக்கட்டியின் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிடுங்கள். நாணயம் கிண்ணத்தின் அடிக்குப் போயிருந்தால், நீங்கள் ஊரில் இல்லாதபோது எல்லாம் உருகி மீண்டும் உறைந்திருக்கிறது என்று பொருள்.

உணவு நாள்

பால் பைத்தான் இரவில் நடமாடும் உயிர். விளக்கு வைத்து ஓரிரு மணி நேரம் கழித்துத் தொடங்குவது நல்லது. வீட்டில் பிள்ளையார் நோன்போ கார்த்திகையோ இருந்தால் அன்று வேண்டாம். நாலு நாள் தள்ளிக் கொடுங்கள். வளர்ந்த பாம்புக்கு நாலு நாள் ஒரு பொருட்டே இல்லை. வீட்டுப் பெரியவர்களோடு சண்டை போட்டுப் பாம்பு வளர்க்க முடியாது.

எலியைக் காற்றுப் புகாத உறையில் போட்டு, குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் அமிழ்த்துங்கள். விரலால் வயிற்றை அழுத்திப் பாருங்கள். உள்ளே கல் போல ஏதாவது தட்டினால் இன்னும் உறைநிலை போகவில்லை, காத்திருக்க வேண்டும். நடுவில் பனியோடு உள்ளே போன இரை வயிற்றைக் கெடுத்துக் கக்க வைக்கும். முழுதும் இளகிய பிறகு, கை பொறுக்கும் சூடான தண்ணீரில், அதாவது நாற்பது டிகிரிக்குச் சற்று மேல், பத்து நிமிடம். கொதிநீரும் மைக்ரோவேவும் கூடாது: வெளியே வெந்து உள்ளே குளிர்ந்திருக்கும், வயிறு வெடித்தும் போகும். உறையை நீக்கி, தாளால் ஈரம் ஒற்றி எடுங்கள். எலியின் தலை 37, 38 டிகிரி இருந்தால் சரி. பாம்பின் மேலுதட்டு ஓரத்தில் வரிசையாகச் சின்னக் குழிகள் தெரியும். அவற்றால்தான் அது சூட்டை உணர்கிறது. உடம்பு சில்லிட்டிருந்து தலை மட்டும் சூடாக இருந்தாலும் தலையை நோக்கித்தான் பாயும்.

ஓரடி நீள இடுக்கியால் எலியின் இடுப்பைப் பிடித்து, தலை முன்னால் இருக்கும்படி, பாம்பின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி மெல்ல ஆட்டுங்கள். மூக்கில் இடிக்காதீர்கள். நாக்கு வேகமாக வெளிவந்து போகும், கழுத்து பின்னுக்கு வளையும், பிறகு நம் கண் பிடிக்க முடியாத ஒரு பாய்ச்சல். பிடித்ததும் இடுக்கியை விட்டுவிட்டு அப்படியே நில்லுங்கள். அது எலியைச் சுற்றி மூன்று சுற்றாவது இறுக்கும். எலி ஏற்கெனவே செத்தது என்று அதற்குத் தெரியாது. தன் வேலையை முழுதாகச் செய்யும். இறுக்கம் தளர்ந்து, நாக்கால் தலை எங்கே என்று தேடி, தாடையை ஒரு பக்கமும் மறு பக்கமுமாக நகர்த்தி விழுங்க இருபது நிமிடம் ஆகலாம். விளக்கைக் குறைத்து, அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். படம் எடுக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று, பாதி விழுங்கியதைத் துப்ப வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தொடவில்லை என்றால் எலியைப் பதுங்குமிடத்தின் வாசலில் வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் விடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் அதற்கு மேல் வைத்தால் அழுகத் தொடங்கும். எடுத்துப் புதைத்துவிடுங்கள். மறுநாளே திரும்பக் கொடுக்காதீர்கள். அடுத்த முறை வரை பொறுங்கள்.

தின்ற பிறகு இரண்டு நாள் கையில் எடுக்கக் கூடாது. செரிமானத்துக்குச் சூடு வேண்டும்: பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறு பக்கம் 26 டிகிரி. செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடித் தரையும் சித்திரை வெயிலில் வரம். மார்கழி இரவில் அதே தரை சில்லிட்டுப் போகும். பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல் வையுங்கள். பெட்டியைச் சூடாக்கும் சூட்டுப் பாய்க்கு, சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் கருவி இல்லாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். குளிரில் கிடக்கும் பாம்பு தின்றதைக் கக்கும். கக்கினால் இரண்டு வாரம் ஒன்றும் கொடுக்காமல், பிறகு பாதி அளவுள்ள இரையில் தொடங்குங்கள். இரண்டாம் முறையும் கக்கினால் மருத்துவரிடம் போக வேண்டும். நம் ஊர்க் கால்நடை மருத்துவர்கள் மாடும் நாயும் பார்த்துப் பழகியவர்கள். பாம்பு பார்க்கும் மருத்துவர் சென்னையிலோ மதுரையிலோ யார் என்பதைப் பாம்பு நன்றாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எலியைத் தொட்டாலும் பாம்பைத் தொட்டாலும் சோப்பால் கை கழுவ வேண்டும். சால்மோனெல்லா கிருமி பாம்பின் குடலில் சாதாரணமாகவே இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தொட வேண்டாம்.

உடம்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

தராசு ஓர் எண்ணைத்தான் சொல்லும். நீளமான பெண் பாம்புக்கு 1,800 கிராம் இயல்பு. குட்டையான ஆணுக்கு அது பருமன். அதனால் மாதம் ஒருமுறை கையால் பாருங்கள். பாம்பைத் தரையில் நேராக ஊர விட்டு, உடம்பின் நடுப்பகுதியில் முதுகின்மேல் இரண்டு விரல்களை வைத்து மெல்ல நகர்த்துங்கள். முதுகெலும்பு ஒரு மெல்லிய வரப்பு போலத் தட்டுப்பட வேண்டும். இரு பக்கமும் சதை கூரைபோலச் சரிந்து இறங்க வேண்டும். குறுக்கே வெட்டிப் பார்த்ததாக நினைத்தால், முனை மழுங்கிய முக்கோணம். அதுதான் நல்ல உடம்பு.

வரப்பு கூர்மையாகத் துருத்தி, பக்கங்கள் உள்வாங்கி, தோல் சுருங்கியிருந்தால் மெலிவு. வரப்பே தட்டுப்படாமல் உடம்பு உருண்டு குழாய்போல இருந்தால் பருமன். அதையும் தாண்டினால் வரப்பு இருந்த இடத்தில் ஒரு வாய்க்கால் விழும். இருபுறமும் மேடு, நடுவில் பள்ளம். கருப்பட்டியின் முதுகில் அந்தப் பள்ளத்தில் என் விரல் உட்கார்ந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றுதான் அவனைத் தராசில் வைத்தேன்.

இன்னும் இரண்டு அடையாளங்கள். சுருண்டு கிடக்கும்போது வளைவின் உட்புறத்தில் தோல் மடிப்பு மடிப்பாக விழுகிறதா என்று பாருங்கள். பிறகு வாலைப் பாருங்கள். உடம்பு வாலை நோக்கிச் சீராக ஒடுங்க வேண்டும். கழிவுவாய் வரை தடித்து வந்து, அதற்கப்புறம் திடீரென்று மெலிந்த வால் ஒட்டவைத்ததுபோல் தெரிந்தால் கொழுப்பு ஏறியிருக்கிறது. இரை விழுங்கிய வாரத்தில் இந்தச் சோதனைகளைச் செய்து ஏமாறாதீர்கள்.

பருத்துவிட்டதென்றால்

பட்டினி போட்டு இளைக்கவைக்கக் கூடாது. கொழுப்பு வேகமாகக் கரைந்தால் கல்லீரல் தாங்காது. நான் செய்தது இது: எலியை 50 கிராமுக்கு இறக்கினேன், இடைவெளியை நான்கு வாரம் ஆக்கினேன். பெட்டிக்குள் ஒரு தடித்த வேப்பங்கிளையைக் குறுக்காகக் கட்டினேன். ஆண் பால் பைத்தான்கள் நன்றாக ஏறும், இரவில் அதன்மேல் கிடக்கும். தண்ணீர்த் தொட்டியை ஒரு மூலையிலும் சூட்டுப் பாயை எதிர் மூலையிலும் வைத்தேன், நடந்தால்தான் இரண்டும் கிடைக்கும் என்பதுபோல. வாரம் இரண்டு மாலை, முகப்பில் கதவுகளை அடைத்துவிட்டு அரை மணி நேரம் ஊர விட்டேன். வழுவழுத்த தரையில் அதற்குப் பிடிமானம் கிடைக்காது. பழைய ஜமுக்காளம் ஒன்றை விரித்தேன்.

முதல் இரண்டு மாதம் தராசு அசையவே இல்லை. பிறகு மாதத்துக்கு முப்பது, நாற்பது கிராம் இறங்கியது. 14ஆம் மாதம் 1,560 கிராம். இதைவிட வேகமாக இறக்க முயல வேண்டாம். பள்ளம் மறைந்து வரப்பு மறுபடி விரலில் பட்டதும் மூன்று வார இடைவெளிக்கு வந்தேன். அந்த மாதங்களில் வீட்டில் எல்லோருக்கும் என்மேல் வருத்தம். “பாவம், வாயில்லாச் சீவன், எத்தனை நாள் பட்டினி போடுவாய்?” என்று அப்பத்தா தினமும் கேட்டார். நோட்டுப் புத்தகத்தைக் காட்டி, போன எலியின் தேதியையும் அடுத்த எலியின் தேதியையும் படித்துக் காட்டினேன். நாலைந்து மாதத்துக்குப் பிறகு அவரே தேதியை நினைவில் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

தானாகச் சாப்பிடாத காலம்

கண்கள் நீலம் கலந்த பால் நிறமாகி, தோல் மங்கினால் சட்டை உரிக்கப்போகிறது. ஓரிரண்டு வாரம் இரை கொடுக்காதீர்கள். பெட்டிக்குள் ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம் இருக்கட்டும்.

வளர்ந்த பால் பைத்தான், அதிலும் ஆண், ஐப்பசியிலிருந்து மாசி வரை எலியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருப்பது உண்டு. பதற வேண்டாம். எடை குறைவு பத்து சதவீதத்துக்குள் இருந்து, முதுகு வரப்பு துருத்தாமல், நாக்கு சுறுசுறுப்பாக இருந்தால் அது அதன் வழக்கம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். மாதம் ஒருமுறை ஒரே ஓர் எலியைக் காட்டிப் பாருங்கள். வாயைத் திறந்து திணிக்கவே கூடாது. மெலிந்துகொண்டே போனால், வாயில் நுரையோ மூச்சில் இரைச்சலோ இருந்தால், மருத்துவர்.

விரதம் முடிந்து மறுபடி சாப்பிடத் தொடங்கும்போதுதான் பலரும் அளவு தவறுகிறார்கள். விட்டுப்போன நான்கு மாதத்தையும் சேர்த்து ஊட்டிவிடப் பார்ப்பார்கள். பழைய அளவு, பழைய இடைவெளி, அவ்வளவே. அவசரம் எதற்கு? 30 ஆண்டு வாழக்கூடிய உயிர் இது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் அறுபது வயதைக் கடந்த பால் பைத்தான் ஒன்று 2020இல் முட்டையிட்டது. விரைவில் முட்டைக்குத் தயாராக வேண்டும் என்று பெண் குட்டிகளை வாரம் இருமுறை ஊட்டிப் பெருக்கவைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. அந்தப் பாம்புகள் முட்டை சிக்கியும் கல்லீரல் கெட்டும் துன்பப்படுகின்றன.

பாலும் முட்டையும்

ஆடி வெள்ளிக்குப் பக்கத்து வீட்டு ஆச்சி ஒருவர் செம்பில் பாலும் இரண்டு முட்டையும் கொண்டுவந்தார். பெட்டிக்குள் வைக்கச் சொன்னார். பாம்புக்குப் பாலைச் செரிக்கும் திறன் இல்லை. தண்ணீர் இல்லாமல் தவிக்கும் பாம்பு எதையும் குடிக்கும், அதைக் கண்டுதான் பால் குடிக்கிறது என்று நம்புகிறோம். முட்டையும் பால் பைத்தானின் உணவு அல்ல. அவர் நம்பிக்கையோடு கொண்டுவந்ததைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. இருவருமாக ஊருணிக் கரையில் உள்ள வேப்பமரத்தடி நாகர் சிலைக்குப் போய் அங்கே வைத்துவிட்டு வந்தோம். அடுத்த ஆண்டு அவரே நேராக அங்கே போய்விட்டார்.

ஊருக்குப் போகும்போது

கல்யாணத்துக்கோ படைப்புக்கோ பத்து நாள் வெளியூர் போனால், வளர்ந்த பாம்பை உறவினரிடம் விட்டுப் போவதில் தயக்கமே வேண்டாம். நீங்கள் கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னால் இரை கொடுத்து, அது செரிக்கத் தொடங்கியதைப் பார்த்துவிட்டுப் போனால் போதும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றவும், சூட்டுமானியைப் பார்க்கவும் ஒருவர் வந்தால் சரி. பெட்டியின் சாவியைக் கொடுங்கள், ஃப்ரீசர் சாவியைக் கொடுக்காதீர்கள். என் சித்தப்பா மகன் ஒருமுறை அன்பு மிகுந்து ஒரே வாரத்தில் மூன்று எலிகள் போட்டுவிட்டான். அதிலிருந்து ஃப்ரீசர் மூடியில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: ‘எலி கொடுத்தாகிவிட்டது. அடுத்தது 19ஆம் தேதி, நான் வந்து கொடுப்பேன். தண்ணீர் மட்டும் மாற்றவும்.’